ஆந்தை மிஸ்ஸிக்கு ஒரு பெர்மிட்

"ஆந்தையப் பாத்துக்க வெளிநாட்டுலேருந்து ஒரு மிஸ்ஸியா? நம்ம நாட்டுல ஆளே இல்லையா லா?"

பகாவ் பஸ்ஸில் பின் இருக்கைப் பேச்சு இது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதே கேள்விக்கான பதிலைத்தான் தட்டச்சு செய்து, மடியில் வைத்துக்கொண்டு சிரம்பான் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நான்; பெர்மிட் விண்ணப்பம் எழுதிப் பிழைப்பவர்களுக்கு என் பாடு புரியும். ஒருவர் நல்லவர் என்று எழுதினால் போதாது; அவரால் நாட்டுக்கு நன்மை என்று காட்ட வேண்டும். எங்கள் செம்பனைத் தோட்டத்தில் எலிகள் பழக்குலைகளைக் கடித்து நாசம் செய்தன. ஆந்தை வளர்த்து அவற்றை ஒழிக்கலாமா என்று ஆராய ஹாலந்திலிருந்து வந்தவர் அன்னா. எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள்; தோட்டத்து ஆட்களுக்கு அவர் ஆந்தை மிஸ்ஸி. பெர்மிட்டை நீட்டிக்காவிட்டால், கம்பங்களில் அவர் மாட்டிவைத்த பெட்டிகளில் முட்டையிட்டிருந்த ஆந்தைகளை அப்படியே விட்டுவிட்டு அவர் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

பிஸ்கட் டின்

குடிநுழைவு அலுவலகத்தில் மலாய் அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, "ஆதாரம்?" என்றார். மிஸ்ஸி கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தேன். எலியை விழுங்கும் ஆந்தை, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். டின் நிறைய அந்த உருண்டைகள். அவர் பென்சிலால் ஒன்றைப் பிரித்தார்; குட்டி மண்டையோடு ஒன்று பல்லைக் காட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் இரண்டைப் பிரித்தார்.

பிறகு மலாயில் சொன்னார்: "தங்கச்சி, ஆந்தைக்கு நன்மை என்று தெரிகிறது. மனுஷனுக்கு? அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்லட்டும். நானே வந்து கேட்கிறேன்."

காணாமல் போன பெட்டி

வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டி வாய் திறந்தால்தான் தோட்டத்தில் மற்றவர்கள் திறப்பார்கள். அவர் வீட்டுக்கு எதிரே கம்பத்தில் இருந்த ஆந்தைப் பெட்டி, நான் திரும்பி வந்தபோது இல்லை. மருமகள் நிறைமாதம். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று அவரே கழற்றிக் கோழிக்கூண்டின் மேல் போட்டிருந்தார். நல்லவேளை, அதில் முட்டை இல்லை. மிஸ்ஸி கோபிக்கவில்லை. குழந்தை எப்போது பிறக்கும் என்று மட்டும் என்னைக் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். மண்டோர் சொன்னார்: "அந்தம்மா நல்லவங்கதான், கிராணிம்மா. அவங்க சகவாசந்தான் சரியில்ல."

தொட்டில்

மண்டோருக்குப் பேரன் பிறந்தான். அதிகாரி வரப்போகும் செய்தியைச் சொல்ல அவர் வீட்டுக்கு நான் போன நேரம், ஓர் எலி தொட்டில் கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது. மண்டோர் துடைப்பத்தோடு பாய்ந்தார். எலி அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைந்தது. பூனை அடுப்படியில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளையைத் தூக்கி மார்பில் அணைத்துக்கொண்டு மண்டோரின் மனைவி கேட்டார்: "ஆந்தை கத்துனா ஆகாதுன்னு பெட்டியக் கழட்டுனீங்க. எலி புள்ளையக் கடிச்சா மட்டும் ஆகுமா?"

அதிகாரி வந்த நாள்

ஆபீஸ் வாசலில் எல்லோரையும் நிற்க வைத்து, "இந்த அம்மா இங்கே இருப்பதால் உங்களுக்கு என்ன நன்மை?" என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் மண்டோரைப் பார்த்தார்கள். மிஸ்ஸி தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

முனியாண்டி தன் வீட்டுப் பக்கம் நடந்தார். அதிகாரியும் நாங்களும் பின்னாலேயே போனோம். கோழிக்கூண்டின் மேலிருந்த பெட்டியை எடுத்துத் துண்டால் தூசி தட்டினார். ஏணியைக் கம்பத்தில் சாய்த்தார். "கொஞ்சம் புடிங்க, மிஸ்ஸி," என்று சொல்லி ஏறி, பெட்டியின் வாசல் தன் வீட்டைப் பார்க்கும்படி வைத்து ஆணி அடித்தார்.