ரோமானியக் கல்வெட்டுகளுக்குக் கிடைத்த அரை மணி நேரம்

சிட்னியில் பழைய ரோமானியக் கல்வெட்டுகள் இருக்கின்றன என்று எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அன்ரி. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், எழுபத்தெட்டு வயது. சிறு வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் லத்தீனில் பாடியவர். "அர்த்தம் ஒண்டும் விளங்காது பிள்ளை, வாய் மட்டும் பாடும்" என்பார். பத்து வயதில் தங்கையை அடக்கம் செய்தபோது பாதிரியார் சொன்ன 'இன் பாச்சே', அதாவது 'அமைதியில்', மட்டும் அவருக்குப் பொருளோடு நினைவிருந்தது. அந்தச் சொல் செதுக்கிய கல் ஒன்று பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருப்பதை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். அதை ஒரு தரம் நேரில் பார்க்க வேண்டும் என்றார். கடந்த ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம். மறுநாள் காலை அவர் வேறு மாநிலத்தில், டண்டினொங்கில் இருக்கும் மகன் வீட்டுக்கே விமானத்தில் குடிபோகிறார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

பெட்டி கட்டி முடித்து அன்ரி வாசலில் வந்து நின்றபோது மணி ஒன்று நாற்பது. வியாழன் ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம். ஊரிலிருந்து வந்த நாள்காட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. நல்ல காரியத்துக்கு அந்த நேரத்தில் நான் படி இறங்குவதில்லை.

"மூணு மணிக்குப் போகலாம் அன்ரி."

"உங்கட ராகு என்ன, விசா எடுத்தே இஞ்ச வந்தவர்?"

"விளையாடாதீங்க அன்ரி. காபி போடறேன், உக்காருங்க."

காபி குடித்தோம். மூன்று ஐந்துக்குக் கதவைப் பூட்டினேன். எங்கள் டூங்கபி நிலையத்தில் மூன்று இருபது ரயில், ரெட்ஃபெர்னில் இறங்கும்போது நான்கு ஐந்து. கட்டணம் எனக்கு ஆறு டாலர் சொச்சம். மூன்றுக்கு முன் ஏறியிருந்தால் முப்பது சதவீதம் குறைவு. அன்ரிக்கு மூத்தோர் அட்டை, நாள் முழுக்க இரண்டரை டாலர். அங்கிருந்து கால் மணி நேர நடை என்று போட்டிருந்தது. அன்ரியின் முழங்காலுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.

நான்கரைக்கு உள்ளே நுழைந்தோம். நுழைவு இலவசம், மூடுவது ஐந்து. இங்கேதான் இரண்டாவது தப்பு செய்தேன். கோயிலில் பிள்ளையாரிடமிருந்து தொடங்குகிற மாதிரி முதல் அறையின் முதல் கல்லிலிருந்து வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு படைவீரனின் கல், ஒரு குழந்தையின் கல், எல்லாவற்றின் தலையிலும் D, M என்று இரண்டு எழுத்து. இறந்தோரின் ஆவிகளுக்கு என்று பொருளாம். அன்ரி விரலைக் காற்றில் நகர்த்தி ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்தார். பக்கத்தில் நின்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே இருந்த ஒரு கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டி, காவலாளிப் பெண் முறைக்க, கையை இழுத்துக்கொண்டேன்.

"எங்கட கல் எங்க பிள்ளை?"

"அடுத்த அறைல அன்ரி. இதை முடிச்சிட்டுப் போயிடலாம்."

அடுத்த அறையில் விளக்கு அணைந்தது. அதன் வாசலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் அந்தக் காவலாளிப் பெண். ஒரே நிமிடம், ஒரே கல் என்று கெஞ்சினேன். மன்னிக்கவும், நாளைக் காலை பத்து மணிக்குத் திறப்போம் என்றார். பத்து மணிக்கு அன்ரி விமானத்தில் இருப்பார்.

"விடும் பிள்ளை" என்றார் அன்ரி.

மறுநாள் கோயிலில் குருக்களிடம் கேட்டேன். "அது ஊர்க் கணக்கும்மா. இங்கத்த சூரிய உதயம், அஸ்தமனம் வச்சுத்தான் பார்க்கணும். நேத்து மூணுக்குக் கொஞ்சம் முன்னதான் தொடங்கினது, நாலரை தாண்டித்தான் முடிஞ்சது" என்றார். இல்லாத ராகுகாலத்துக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டு, இருக்கிற ராகுகாலத்தில் அவரை அழைத்துப் போயிருக்கிறேன்.

அடுத்த செவ்வாய் தனியாகப் போனேன். பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டு அளவுதான் அந்தக் கல், எழுத்துகளும் கோணல்மாணல். அன்ரியைக் காணொளியில் அழைத்துக் கைப்பேசியைக் காட்டினேன்.

"கண்ணாடி மினுங்குது பிள்ளை. உம்மட முகந்தான் தெரியுது."

இடம் மாற்றி, குனிந்து, குடையால் மறைத்துப் பார்த்தேன். முடியவில்லை. கடைசியில் ஐ, என், பி, ஏ, சி, இ என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"இன் பாச்சே" என்றார் அன்ரி. பிறகு, "வைக்கிறன் பிள்ளை" என்றார்.

மறுபடி சிட்னிக்கு அழைத்து வர முடியுமா என்று அவர் மகனிடம் கேட்டேன். அம்மாவின் முழங்கால் இனி இடம் கொடுக்காது என்றார்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மூன்று மணிக்கு முன் ரயிலேறுங்கள். தண்ணீர் கொண்டுபோகலாம், பையை வாசலில் வைத்துவிட வேண்டும். ராகுகாலம் நான் இப்போதும் பார்க்கிறேன், சிட்னிச் சூரியனை வைத்து. வயதானவர்களை அழைத்துப் போனால் முதல் அறையில் நிற்காதீர்கள். அவர்கள் பார்க்க வந்தது எங்கே இருக்கிறது என்று வாசலிலேயே கேட்டு, நேரே அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.