டூட்டிங்கிலிருந்து ஸ்டுட்கார்ட் கல்யாணத்துக்கு

1991 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு டூட்டிங் பிராட்வேயில் சுரங்க ரயில் ஏறினேன். ஸ்டாக்வெல்லில் மாறி விக்டோரியா. முதுகில் ஒரு பை, கையில் ஒரு டின் பயத்தம் உருண்டை.

சென்னையில் கட்டடக்கலை மாணவியாக இருந்த என்னை ஒரு பருவத்துக்கு லண்டன் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். விடுமுறை மூன்று வாரம். பாரிஸ், கொலோன், ஸ்டுட்கார்ட், மியூனிக் என்று திட்டம் போட்டேன். பிரான்சுக்கு ஒரு விசா, ஜெர்மனிக்கு ஒரு விசா. இரண்டுக்கும் தனித்தனியாக விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கியிருந்தேன்.

உருண்டை டின் புஷ்பம் அக்காவுடையது. சாவகச்சேரிக்காரர். அவர் வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். அவருடைய தங்கை வதனிக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்டுட்கார்ட்டில் கல்யாணம். நான் கிளம்புவதற்கு முதல் நாள் மாலை அடுப்படியில் நின்றபடி என்னிடம் கேட்டார்.

"என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்ல. வெளியால போனால் திரும்பி வர ஏலாது. அம்மா அப்பாவும் இந்தச் சண்டைக்குள்ள ஊரைவிட்டு வெளிக்கிட ஏலாது. மண்டபத்தில அவளின்ர பக்கத்தால ஒருத்தரும் இல்லை. நீர் எப்பிடியும் அந்தப் பக்கம் போறீர்தானே? ஒரு மணித்தியாலம் நிண்டால் காணும்."

"ஒரு மணி நேரம் என்னக்கா, முழுக்க இருக்கேன். முகூர்த்தம் எப்போ?"

"ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில."

வதனியின் புகைப்படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இருந்தும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டபின் அது என் பயணமாகிவிட்டது.

விக்டோரியாவிலிருந்து டோவர், ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து கப்பலில் ஒன்றரை மணி நேரம் கலே துறைமுகத்துக்கு. காற்று பலமாக இருந்தது. கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நான் டின்னை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மாலையில் பாரிஸ். வெள்ளிக்கிழமை முழுவதும் நடந்தேன். கல்லூரியில் குறுக்குவெட்டுப் படமாக வரைந்த தேவாலயச் சுவர்களைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

சனிக்கிழமை பாரிஸிலிருந்து நேரே ஸ்டுட்கார்ட் போகும் ரயிலில் ஏறியிருந்தால் மாலைக்குள் சேர்ந்திருப்பேன். கொலோன் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு ஆசை. காலை ஏழரைக்கு வடக்கு நிலையத்தில் கொலோன் ரயில் ஏறினேன். பத்து மணிக்கு ஜேமோன் என்ற எல்லை நிலையத்தில் ரயில் நின்றது. சீருடை அணிந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"பெல்ஜியம் விசா எங்கே?"

"நான் பெல்ஜியத்தில் இறங்கவே மாட்டேன். ஜெர்மனிக்குப் போகிறேன்."

"நீங்கள் இறங்கமாட்டீர்கள். ஆனால் ரயில் பெல்ஜியத்துக்குள்தானே போகிறது?"

அவர் சொன்னது சரி. வரைபடத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நடுவில் இன்னொரு நாடு இருப்பது என் மனதில் பதியவே இல்லை. டின்னைத் திறந்து பார்த்து, முகர்ந்து, மூடிக் கொடுத்துவிட்டு என்னை இறக்கிவிட்டார்.

என்னோடு இறக்கப்பட்டவர் இன்னும் ஒருவர்தான். அல்ஜீரியாக்காரர், லில் நகரில் கட்டட வேலை செய்பவர். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து அருகில் வந்து, எங்கே போகவேண்டும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன்.

"கல்யாணமா? யாருக்கு, உன் சகோதரிக்கா?"

கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றேன்.

செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்துக் கோடு போட்டார். பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர்க், ஒரு நதி, பாலம், ஜெர்மனி. "இங்கே பிரான்சும் ஜெர்மனியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் யாரும் கிடையாது. இப்படிப் போ."

பாரிஸுக்குத் திரும்பியபோது மணி மூன்று. வடக்கு நிலையத்திலிருந்து கிழக்கு நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. ஸ்டுட்கார்ட் நேர் ரயில் அதற்குள் போய்விட்டிருந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் ஐந்நூறு கிலோமீட்டர். டிக்கெட் இருநூற்றுச் சொச்சம் பிராங். மியூனிக்குக்கு ஒதுக்கியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். ரயிலுக்கு முன் டூட்டிங்குக்கு போன் செய்தேன்.

"பிள்ளை, எங்கை நிக்கிறீர்?"

"பாரிஸ்லதான் அக்கா. எல்லையில இறக்கி விட்டுட்டாங்க. என் தப்புதான். சர்ச் பார்க்கணும்னு சுத்திப் போனேன்."

"பரவாயில்லை. கரைச்சல்படாமல் திரும்பி வாரும். வதனிக்கு நான் சொல்லுறன்" என்றார். அந்தப் 'பரவாயில்லை'யை அவர் எத்தனை பேரிடம், எத்தனை காரியங்களுக்குச் சொல்லிப் பழகியிருப்பார் என்று தோன்றியது.

"வேண்டாம்க்கா. நான் வர்றேன்னு சொல்லுங்க."

"நேரத்துக்குப் போக ஏலுமோ?"

"தெரியலை. ஆனா போயிடுவேன்."

இரவு எட்டரைக்கு ஸ்ட்ராஸ்பூர்க். அதற்குமேல் இணைப்பு ரயில் இல்லை. மாணவர் விடுதியில் படுத்து, ஞாயிறு காலை கிடைத்த முதல் ரயிலைப் பிடித்தேன், அதுவே எட்டரைக்குத்தான். ரைன் பாலத்தைத் தாண்டியதும் ஜெர்மன் அதிகாரி விசாவைப் பார்த்து முத்திரை குத்தினார். கார்ல்ஸ்ரூவில் மாறி, ரயிலின் கழிப்பறைக்குள் புடவை கட்டிக்கொண்டேன். ஸ்டுட்கார்ட்டில் இறங்கும்போது பத்து இருபது. மண்டபம் புறநகரில். வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. முகூர்த்தம் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அது ஒரு தேவாலயத்தின் பொதுக்கூடம். வாசலில் பட்டு வேட்டிக்குமேல் குளிர்கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். மாப்பிள்ளையின் தமையன்.

"நீங்கள்தானே லண்டன் பிள்ளை? கெதியா உள்ளுக்க வாங்கோ."

"கல்யாணம் முடிஞ்சிடுச்சா?"

"எங்கை முடியிறது? பொம்பிளை மணவறைக்கு வந்தால்தானே."

பக்கத்து அறையில் கூறைப் புடவைக்காகக் காத்து அலங்காரத்தோடு வதனி உட்கார்ந்திருந்தாள். புஷ்பம் அக்காவின் நெற்றி, அதே மூக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மன்னிச்சிடு வதனி, லேட்டாயிடுச்சு" என்று டின்னை அவள் கையில் கொடுத்தேன்.

"அக்கா சொன்னவ, நீங்கள் கட்டாயம் வருவீங்களெண்டு. அதுதான் இருந்தனான்."

ஒன்பதரைக்கே அவளை அழைத்திருக்கிறார்கள். என்ர பக்கத்து ஆள் வரட்டும் என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளையும் காத்திருப்போம் என்றிருக்கிறார். "பன்னிரண்டுக்குள்ள இன்னொரு நல்ல நேரம் இருக்கெண்டு ஐயரும் கண்டுபிடிச்சிட்டார்" என்றார் தமையன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மண்டபத்தில் வலப்பக்கம் நாற்காலிகள் நிறைந்து, பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இடப்பக்கம் இரண்டு வரிசை காலி. அதில் யாரும் உட்காரக்கூடாது என்று வதனி தடுத்திருந்தாள். முதல் வரிசையில் நான் தனியாக உட்கார்ந்தேன். தாய் தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தது மாப்பிள்ளையின் நண்பர் ஒருவரும் அவர் மனைவியும். தாலி கட்டுவதற்குச் சற்று முன் வதனி தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கொலோன் கோபுரங்களை அந்தப் பயணத்தில் பார்க்கவில்லை. மியூனிக்கும் போகவில்லை. மறுநாள் ஸ்டுட்கார்ட்டிலிருந்து நேர் ரயிலில் பாரிஸ், அங்கிருந்து லண்டன். வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தது சாப்பாட்டு நேரத்தைத்தான். சென்னையில் நான் போன கல்யாணங்களில் ஐந்நூறு பேர் இருப்பார்கள். நான் போகாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. பெண் வீட்டார் எல்லோரையும் கவனித்துவிட்டுக் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். அந்த நினைப்பில் ஸ்டுட்கார்ட் மண்டபத்திலும் நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். மாப்பிள்ளையின் தமையன் தேடிக்கொண்டு வந்தார்.

"பொம்பிளைப் பகுதி சாப்பிட்டாச்சோ?"

"இல்லைங்க. எல்லாரும் சாப்பிடட்டும், நான் அப்புறம் சாப்பிடறேன்."

"அதெப்பிடி? நீங்கள் இருந்தால்தான் நாங்கள் இருக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். சுற்றிப் பார்த்தேன். நூறு பேருக்கு மேல் இருக்கும், தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். அதன்பிறகே அவர்கள் உட்கார்ந்தார்கள்.