நான் ஊதி அணைத்த மெழுகுதிரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதம் நான்காம் திகதி நடந்தது இது. உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகள் துப்புரவாக்கும் வேலை எனக்கு. பொழுதுபடும் நேரம் குளிக்கத் துவாய் கொடுக்கப் போனேன். டென்மார்க்கிலிருந்து தனியாக வந்திருந்த அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா கதிரையில் இருந்தார். அவர் அறை யன்னலில் இரண்டு மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. கரண்ட் இருக்கிறதே, பிறகெதற்கு இது?

யோசிக்கவேயில்லை. ஓடிப்போய் இரண்டையும் ஊதி அணைத்துவிட்டேன். “ஐயோ, திரைச்சீலை பத்தப்போகுது!” என்று சத்தமும் போட்டேன்.

 அந்த அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.  அவர் முதலாளியிடம் சொன்னால் என் வேலை போய்விடும். வாசலில் நின்ற கிண்ணியா ஆட்டோக்கார முஸ்லிம் அண்ணனுக்கு, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவருக்கு, நல்ல இங்கிலிஷ் தெரியும். அவரைக் கூட்டிவந்தேன். அவர் அந்த அம்மாவுடன் கதைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ன வேல பாத்திருக்கீங்க தங்கச்சி! ரெண்டாம் உலகச் சண்டையில அவங்கட நாட்ட ஜேர்மன் ஆமி அஞ்சு வருசம் புடிச்சு வச்சிருந்ததாம். யன்னல்ல வெளிச்சம் தெரியாம கறுப்புச் சீலை கட்டித்தான் இருந்தாங்களாம். விடுதலை எண்டு ரேடியோவில சொன்ன உடன சீலையப் பிச்செறிஞ்சிட்டு மெழுகுதிரி வச்சாங்களாம். அந்த நாள்தான் இண்டைக்கு. ஒவ்வொரு வருசமும் இவட உம்மாதான் பத்தவைப்பாவாம். உம்மா இந்த வருசம் மௌத்தாகிட்டாவாம், அவ இல்லாம இவ தனியப் பத்தவச்ச முதல் திரி இதாம்.”

 திரைச்சீலை என்று நான் கத்தியது பாதிப் பொய். நான் சம்பூர்க்காரி. யுத்தம் நடந்த செல்லடி நாட்களில் இருட்டினால் ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே தெரியக் கூடாது. வீட்டில் யார் விளக்கேற்றினாலும் ஓடிப்போய் ஊதுகிறவள் நான்தான். பிறகு ஊரையே விட்டு ஓடினோம். பறிபோன காணி திரும்பக் கிடைத்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

இதை நானாவிடம் சொன்னேன். அவர் இங்கிலிஷில் சொல்லச் சொல்ல, அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வந்து நெருப்புப்பெட்டியை என் கையில் வைத்தார்.

“எனக்கு ஏலாது, நீங்களே பத்தவையுங்கோ அம்மா” என்றேன்.

“அதெல்லாம் சரிவராது. நீங்க ஒண்டு, அவ ஒண்டு” என்று நானா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் உரசிய இரண்டு குச்சிகள் வீணாகின. மூன்றாவதில் பற்றிக்கொண்டது. திரிகள் எரிந்து முடியும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.

எங்களுக்கு அப்படி ஒரு நாளை எந்தக் கலண்டரிலும் போடவில்லை. ஆனாலும் எங்கள் காணி கையில் கிடைத்த நாளன்று இப்போது என் வீட்டு யன்னலில் ஒரு மெழுகுதிரி வைக்கிறேன். ஏற்றுவது லேசாகிவிட்டது, அதை ஊதி அணைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கத்தான் எனக்கு இன்னும் தைரியம் வேண்டியிருக்கிறது.