எல்லோருக்கும் ஒரே கை

மருதா விலுமா லாட்வியாவின் ரிகா நகரத்தில் இருபத்திரண்டு வருஷம் டிராலிபஸ் ஓட்டியவள். ஐம்பத்தொரு வயதில் முதுகுத்தண்டில் ஒரு வட்டு பிதுங்கிக்கொண்டது. ஒரே இடத்தில் அரைமணிக்கு மேல் உட்காரக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். உட்காராமல் எப்படி பஸ் ஓட்டுவது? டிப்போவில் கேக் வெட்டி, பூங்கொத்து கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

நின்றபடி செய்கிற வேலையாகப் பார்த்து ஏறி இறங்கினாள். பேக்கரியில் மாவு மூட்டை தூக்கச் சொன்னார்கள். பூக்கடையில் இளசாக ஆள் வேண்டும் என்றார்கள். கடைசியில் மாடி வீட்டு டக்னியாதான் வழி சொன்னாள். டக்னியா ஒரு ஸ்டுடியோவில் மேற்பார்வையாளர். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் போனைத் தட்டிச் சூதாடுகிறவர்களுக்கு, நிஜ மேஜையில் நிஜ மனிதர்கள் சீட்டு போட்டுக் கேமராவில் காட்டுகிற இடம் அது.

"அரைமணி நிக்கணும், அப்புறம் ஓய்வு, மறுபடி அரைமணி. உன் முதுகுக்குன்னே செஞ்ச வேலை," என்றாள் டக்னியா.

"இந்த மூஞ்சியையா கேமராவுல காட்டுவாங்க?"

"மூஞ்சிய யாருடி பாக்கறா? கையத்தான் பாப்பாங்க. நல்லா க்ரீம் தடவு."

பயிற்சி ஆறு வாரம். சொல்லிக்கொடுத்தவன் ரைதிஸ், இருபத்தாறு வயது, காதில் வளையம். வகுப்பில் இருந்த மற்ற பதினோரு பேரும் மருதாவின் மகன் வயதுக்காரர்கள். கூட்டல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிரிப்புதான் வரவில்லை.

"மருதா, கொஞ்சம் சிரிங்க. டிக்கெட் பரிசோதனைக்கு வந்தவங்க மாதிரி நிக்கறீங்க."

"சிரிக்கறதுக்கு ஏதாவது சொல்லு, சிரிக்கறேன்."

முதல் இரண்டு தேர்விலும் அந்தச் சிரிப்பு வராததாலேயே தோற்றாள். மூன்றாவதில் ரைதிஸ் அவளை வேறு மேஜைக்கு மாற்றினான். பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்டத்துக்குச் சாதாரண மேஜையில் ஏழு இருக்கை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டு. இந்த மேஜையில் இருக்கைக்குக் கணக்கே இல்லை. எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் இடம் உண்டு, ஏனென்றால் அத்தனை பேருக்கும் சேர்த்து அவள் போடுவது ஒரே ஒரு கைச் சீட்டு.

"புரியற மாதிரி சொல்லு," என்றாள் மருதா.

"முதல்ல ரெண்டு சீட்டு போடறீங்க. எட்டும் அஞ்சும்னு வைங்க, பதிமூணு. அது எல்லாருக்கும் பொது. உங்களுக்கும் ரெண்டு, ஒண்ணு திறந்து ஒண்ணு மூடி. இருபத்தொண்ணத் தாண்டாம, உங்களவிட அதுக்குக் கிட்ட போனா அவங்க ஜெயிப்பாங்க. இப்ப அவங்கவங்க போன்ல 'இன்னொண்ணு'ன்னோ 'போதும்'னோ அமுக்குவாங்க. ஒருத்தர் கேட்டாக்கூட நீங்க ஒரு சீட்டு எடுத்துப் போடணும். கேட்டவங்களுக்கு அது சேரும். போதும்னவங்க பதிமூணோடயே நிப்பாங்க. இன்னும் கேக்கறவங்க இருந்தா இன்னொரு சீட்டு. யாருமே கேக்கலன்னா உங்க மூடின சீட்டத் திறந்து, பதினேழு வர்ற வரைக்கும் உங்களுக்கு எடுத்துக்கறீங்க."

மருதா கொஞ்சம் யோசித்தாள். "ஒரே வண்டி. அவனவன் இஷ்டப்பட்ட ஸ்டாப்புல எறங்கிக்கறான்."

"அப்படியேதான்."

"எவன் எறங்கினான், எவன் உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியுமா?"

"தெரியாது. 'இன்னும் ஆள் கேக்குது'ன்னு மட்டும் திரை சொல்லும்."

அந்த மேஜையில் அவளுக்குச் சிரிப்புப் பிரச்சினை வரவில்லை, தேர்விலும் தேறினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுவது அவளுக்குப் பழகிய விஷயம். வேலையில் முதல் நாளே, விளையாடுகிறவர்கள் எழுதுவது ஓடுகிற அரட்டைத் திரையில் எவனோ ஆங்கிலத்தில் எழுதினான்: முதியோர் இல்லத்திலிருந்து ஆள் பிடித்து வந்திருக்கிறார்களா?

மருதா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் உடைந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "ஆமாம், அங்கே இன்னும் ஒரு கட்டில் காலி. உன் பெயரைச் சொல்லி வைக்கட்டுமா? உனக்குப் பதினாறு வந்திருக்கிறது, அதை முதலில் பார்."

அன்றைக்கு அந்த மேஜையில் ஆள் குறையவில்லை. ஒரு மாதத்தில் அவளுக்கென்றே வருகிறவர்கள் சேர்ந்தார்கள். மணிலாவில் ஒரு நர்ஸ், கனடாவில் ஒரு லாரி ஓட்டுநர், பிரேசிலில் பெத்ரோ என்று ஒருவன். வேலை முடிந்து வந்து கறுப்பு ரொட்டியும் சீரகச் சீஸும் தின்றபடி, அவர்கள் எழுதியதை டக்னியாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இலையுதிர் காலத்தில் நார்முண்ட்ஸ் வந்தான். இதே ஊர்க்காரன். முதல் நாள் லாட்விய மொழியில் ஒரு வணக்கம் எழுதினான். மேஜையில் ஆங்கிலம் மட்டும்தான் என்பதால் அவளால் தலையை மட்டும் அசைக்க முடிந்தது. அப்புறம் தினமும் வந்தான். காலையில் அவள் மேஜைக்கு வரும்போது இருந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இருந்தான். அவள் விடுப்பு எடுத்த நாளிலும் அவன் இருந்ததாக மற்றப் பெண்கள் சொன்னார்கள். ஏழு இருக்கை மேஜை என்றால் எழுந்து போனவன் இடத்தை இன்னொருவன் பிடித்துக்கொள்வான். மறுபடி உட்காரக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிற நேரத்தில் புத்தி வந்தாலும் வரும். இங்கே இடம் தீர்வதே இல்லை. மருதாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தத் தொடங்கியது.

ஒருநாள் ஓய்வறையில் டக்னியாவிடம் கேட்டாள். "அந்த நார்முண்ட்ஸ் தூங்கறானா இல்லையா?"

"நமக்கெதுக்கு? விளையாடறவங்களுக்கு அறிவுரை சொல்லக் கூடாது. ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்க."

"கேட்டேன், அவ்வளவுதான்."

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாற்பதுக்கு அவன் எழுதினான்: 'மூன்று மணிக்கே பள்ளிக்கூடம் விட்டாயிற்று. மகள் காத்திருப்பாள். இந்தக் கை முடிந்ததும் கிளம்புகிறேன்.' அந்தக் கை முடிந்தது. அவன் கிளம்பவில்லை. மூன்று நாற்பத்திரண்டுக்கு எழுதினான்: 'இதுதான் கடைசி.' மூன்று நாற்பத்தைந்துக்கு மறுபடி அதையே எழுதினான். வெளியே இருட்டத் தொடங்கியிருக்கும், பனிமழை வேறு என்று மருதாவுக்குத் தெரியும். வேலைக்கு வரும்போது அதில் நனைந்துதான் வந்தாள்.

அடுத்த கையில் பத்தும் ஆறும் விழுந்தன. பதினாறு. அவள் பக்கம் திறந்திருந்தது ராஜா, அதற்கு மதிப்பு பத்து. பிளாக்ஜாக்கில் இதைவிட மோசமான இடம் கிடையாது. எடுத்தாலும் பயம், நின்றாலும் பயம். ஆள் கேட்கிறது என்றது திரை. மருதா சீட்டுப் பெட்டிமேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

நேராகக் கேமராவைப் பார்த்தாள். லாட்விய மொழியில் பேசினாள்.

"நார்முண்ட்ஸ், போனக் கீழ வை. போய் உன் பொண்ணக் கூட்டிட்டு வா."

பிறகு ஆங்கிலத்தில் மற்றவர்களிடம் சொன்னாள். "மன்னிக்கணும். ஒருத்தர் மகளைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போகணும். அவர் கிளம்பினதும் சீட்டு எடுக்கறேன்."

அரட்டைத் திரையில் பதில்கள் கொட்டத் தொடங்கின. கிளம்பு தம்பி என்றாள் மணிலா நர்ஸ். உன் சீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எல்லோருக்கும் ஒரே சீட்டுதானே என்றான் பெத்ரோ. கனடாக்காரன் எழுதினான்: 'என் மகளை அழைக்க நான் போகாத நாள்கள் இருக்கின்றன. போ.' முன்பின் தெரியாத பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. மேஜைகளுக்கு நடுவிலுள்ள பாதையில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு மின்னியது. டக்னியா ஓடிவருவது கடைக்கண்ணில் தெரிந்தது.

நார்முண்ட்ஸிடமிருந்து ஒரு சொல் வந்தது. 'போறேன்.'

மருதா சீட்டை எடுத்தாள். ஒன்பது. கேட்டவர்கள் அத்தனை பேரும் இருபத்தைந்தில் காலி. தன் மூடிய சீட்டைத் திறந்தாள், ஆறு; அடுத்தது நாலு; மொத்தம் இருபது. பதினாறோடு நின்றவர்களும் போனார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேர் அந்தக் கையில் ஒன்றாகத் தோற்றார்கள். ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை.

டக்னியா வேறு பெண்ணை நிறுத்திவிட்டு அவளை வெளியே அழைத்துப்போனாள்.

"உனக்குப் பைத்தியமா? நாப்பது செகண்ட், மருதா. நாப்பது செகண்ட் மேஜைய நிறுத்தி வச்சிருக்க."

"ஒவ்வொரு ஸ்டாப்புலயும் அதவிட அதிகமா நிறுத்தியிருக்கேன்."

"இது உன் பஸ் இல்ல."

"தெரியும்," என்றாள் மருதா.

மறுநாள் விசாரணை. மேலாளர் பதிவை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். விதி தெரியாமல் செய்தீர்களா என்று கேட்டார். தெரிந்துதான் செய்தேன் என்றாள். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, இரண்டு வாரம் கேமரா இல்லாத அறையில் எட்டுக் கட்டுச் சீட்டுகளைக் கலைத்து அடுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே நின்றுகொண்டு, அவன் போய்ச் சேர்ந்தானா, பாதி வழியில் மறுபடி போனை எடுத்தானா என்று நினைத்து நினைத்து மனசு நைந்துபோனாள். அவன் பெயர் மேஜையில் மறுபடி வரவே இல்லை என்று ரைதிஸ் வந்து சொன்னான். அது நல்லதா கெட்டதா என்று அவனுக்கும் தெரியவில்லை.

ஆனால் ஸ்டுடியோவில் பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கும் இப்படி ஒருத்தர் உண்டு என்று ஒவ்வொரு பெண்ணாகச் சொன்னார்கள். டக்னியாவே ஒரு கடிதம் எழுதி, நாற்பத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி மேலே கொடுத்தாள். ஜனவரிக் குளிரில் மேஜைகளுக்கு அடியில் ஒரு பொத்தான் வந்தது. விளையாடுகிற யாரைப் பற்றியாவது கவலையாக இருந்தால் அமுக்கலாம், மேஜை நிற்காது, அரட்டையைப் படிக்கவும் அந்த ஆளோடு தொடர்புகொள்ளவும் தனியாக இரண்டு பேர். முதல் மாதத்திலேயே பதினேழு தடவை அமுக்கினார்கள்.

"பதினேழுல அஞ்சு நீங்களே அமுக்கினது," என்றான் ரைதிஸ்.

"கையத்தானே பாக்கறாங்கன்னு டக்னியா சொன்னா. அந்தக் கைக்கு வேலை குடுக்கறேன்."

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆகென்ஸ்கால்ன்ஸ் சந்தையில் புளித்த முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பெண்ணோடு ஒரு ஆள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். ஒல்லி, தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது.

"நீங்க மருதாதானே?"

"டிராலிபஸ்ல பாத்திருப்பீங்க."

"இல்ல. போன்ல." அவன் சிறுமியை முன்னால் நிறுத்தினான். "நான் நார்முண்ட்ஸ். இது மதரா."

மருதா ஜாடியைக் கீழே வைத்துவிட்டாள். "அன்னைக்குப் போனியா?"

"நாலு பத்துக்குப் போய்ச் சேந்தேன். காவல்காரர் அறையில உக்காந்து படம் வரைஞ்சிட்டிருந்தா."

"அவரோட நாயை வரைஞ்சேன்," என்றாள் மதரா. "காது மட்டும் சரியா வரல."

"ரெண்டு வாரம் உங்க மேல கோவமா இருந்தேன்," என்றான் அவன். "ஊர் ஒலகத்துக்கே சொல்லிட்டீங்களேன்னு. அப்புறம் அன்னைக்கு அரட்டையில அவங்க எழுதினதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. என்னை எங்கயும் சூதாட விடாதீங்கன்னு நானே போய்த் தடைப் பட்டியல்ல என் பேரைக் குடுத்தேன். சூதாட்டத்த விடறவங்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு குழு இருக்கு, அதுக்குப் போறேன். நடுவுல ஒரு தடவ அக்கா போனை வாங்கி ஆடிட்டேன். அதனால மறுபடி ஒண்ணுலேர்ந்து. இன்னைக்கு நாப்பத்தாறாவது நாள்."

"நாப்பத்தாறு சின்ன நம்பர் இல்ல."

"நீங்க இன்னும் அங்கதானா?"

"அங்கதான்."

அவன் சங்கடமாகச் சிரித்தான். "அங்க உங்களப் பாக்க வரமாட்டேன். தப்பா நினைக்காதீங்க."

"வந்தா உதைப்பேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இங்கதான் இருப்பேன். பாக்கணும்னா இங்க வா."

மதரா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உருளைக்கிழங்கு அடைக் கடையில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மூவரும் போய் அதில் நின்றார்கள். முறை வந்ததும், அடைமேல் புளிப்புப் பாலேடு இரண்டு கரண்டி வேண்டும் என்று மதரா கடைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நார்முண்ட்ஸ் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். மருதா மூன்று என்றாள்.