எண்பது டிகிரியில் உலர்ந்த உறை

என் வேலை நோட்டில் ஈரத்தோல் பற்றிய பக்கத்தில் பதினொரு வரிகள் இருக்கின்றன. ஒன்பதாவது வரியைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அந்த வரியால் ஒருவர் இனி மரம் ஏற முடியாது.

கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டூல் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். சரவணம்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஓய்வு நேரத்தில் கத்திகளுக்குத் தோல் உறை செய்வேன். மலையேறும் நண்பர்களுக்காகத் தொடங்கியது அது.

கொடுமுடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அதில் இருபது வருடமாகக் காய் போடுகிறவர் ஒருவர்தான். நான் அவரை அண்ணா என்பேன். கீழே விழும் காய்களைப் பொறுக்கிக் குவிப்பவர் அவர் மனைவி. அண்ணன் கொடுவாளை இடுப்பில் டயர் ரப்பர் பட்டை ஒன்றில் செருகிக்கொண்டு ஏறுவார். தொடைக்குப் பின்னால் வெறும் கூர் தொங்கும். எனக்கு அதைப் பார்க்கவே ஆகாது. உறை செய்து தருகிறேன் என்றேன்.

"இதுக்கு எதுக்குங்க அம்மணி உறை? இதென்ன ராஜா கத்தியா?" என்றார்.

"செஞ்சு குடுங்க அம்மணி," என்றார் அவர் மனைவி. "இவருக்குத்தான் ஊட்டுல ஒரு நல்ல சட்டை இல்லே. கொடுவாளாவது போட்டுக்கட்டும்."

அண்ணன் கொடுவாளை என்னிடம் கொடுத்தனுப்பினால் அன்றைய பிழைப்பு போய்விடும். அதனால் காகிதத்தில் அதை வைத்து வரைந்துகொண்டு போய், அலுமினியத் தகட்டில் அதே அளவில் ஒரு போலிக் கத்தி வெட்டினேன். அசல் இரும்பை ஈரத்தோலுக்குள் வைத்தால் தோல் கறுத்துவிடும், இரும்பும் துருப்பிடிக்கும். அலுமினியத்தில் அந்தத் தொல்லை இல்லை.

தோல், ஈரோட்டில் மரப்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல். உக்கடம் பக்கம் ஒரு பாய் கடையில் வாங்குவது. இரண்டு துண்டுகள் வெட்டி, நடுவில் ஓரத்தை ஒட்டி ஒரு தடித்த தோல் பட்டை கொடுத்துத் தைத்தேன். கூர் தையல் நூலில் படாமல் தடுப்பது அந்தப் பட்டைதான். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினேன். தோலிலிருந்து குமிழ் வருவது நிற்கும்வரை அது தண்ணீரில் கிடக்க வேண்டும். எடுத்துத் துண்டில் சுற்றி, காய்ந்த நிறம் பாதி திரும்பும்வரை வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தோல் பிசைந்த மாவு மாதிரி சொன்னபடி கேட்கும். போலிக் கத்தியை உள்ளே இறக்கி, வழவழப்பான எலும்புத் துண்டால் விளிம்பை ஒட்டி அழுத்தி அழுத்தி இழுத்தேன். நகம் பட்டால் தடம் நிரந்தரமாகிவிடும் என்பதால் முந்தின நாளே நகம் வெட்டியிருந்தேன். கொடுவாளின் வளைந்த மூக்கு தோலில் அப்படியே எழுந்து வந்தது.

அடுத்தது உலர்த்துவது. நிழலில், காற்றில், இரண்டு நாள். அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வாரம் விடாத மழை. அறையில் தொங்கவிட்ட துணியே காயவில்லை. காய் வெட்டை முன்னால் தள்ளிவிட்டதாக அப்பா போனில் சொன்னார். மறுநாளே உறை வேண்டும்.

எங்கள் கம்பெனியில் பவுடர் கோட்டிங் அடுப்பு இருக்கிறது. பெயின்ட் தூளை இரும்பு பாகங்களில் இருநூறு டிகிரியில் சுட்டுப் பிடிக்கவைப்பது. அதைக் கையாளத் தெரிந்தவளுக்கு எண்பது டிகிரி என்பது ஒன்றுமில்லை. எண்பதில் நாற்பது நிமிடம் வைத்தேன். உறை போலிக் கத்தியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. விரலால் தட்டினால் கட்டை போலச் சத்தம். நான் சந்தோஷப்பட்டேன். ஒன்பதாவது வரியில் எழுதினேன்: அடுப்பு, எண்பது, நாற்பது நிமிடம், மிக நன்று.

மறுநாள் காலையில் அவர் இடுப்பில் அதைக் கட்டிக்கொண்டு, கொடுவாளை உள்ளே விட்டு, எடுத்து, மறுபடி விட்டார். 'டக்' என்று உட்கார்ந்தது.

"பாக்காமயே சொருகலாமுங்க," என்றார்.

சில மாதம் கழித்து, மூன்றாவது காய் வெட்டின்போது அது நடந்தது. நான் அன்று கோயம்புத்தூரில் இருந்தேன். உச்சியில் குலை வெட்டிவிட்டு, கொடுவாளைப் பார்க்காமலே செருகியிருக்கிறார். அது உறையின் வாயருகே வெளியே வந்து, வலது தொடையின் பின்பக்கத்தில் இறங்கிவிட்டது. அந்தக் காலோடு மரத்திலிருந்து அவரே இறங்கியிருக்கிறார். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். நரம்பு போய்விட்டது. பாதம் தொங்குகிறது, தூக்க வராது என்றார்கள்.

அப்பா போனில் சொன்னார்: "குடிச்சுப்போட்டு ஏறியிருக்கான் அம்மணி. நம்ம தோப்புலயா இது ஆகோணும்."

அவர் குடிப்பவர்தான், ஊருக்கே தெரியும். அதனால் அப்பா சொன்னது ஒரே நாளில் ஊர் முழுக்க உண்மையாகிவிட்டது. நான் பார்க்கப் போனபோது அவர் கட்டிலில் கிடந்தார். மனைவி சோற்றுத் தட்டை அவர் பக்கத்தில் நங்கென்று வைத்துவிட்டு வெளியே போனார்.

"அன்னிக்கு நா ஒண்ணும் குடிக்கலீங்க அம்மணி," என்றார் மெதுவாக. "ஆனா எல்லாருமே சொல்றாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது."

வரும் வழியில் தோப்பு மோட்டார் ரூமில் அந்த உறை கிடந்ததைப் பார்த்தேன். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வாயருகே தையலை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதன் விளிம்பு பிய்ந்த மாதிரி இல்லை. முறிந்த மாதிரி இருந்தது.

பாய் கடைக்கு எடுத்துப்போனேன். அவர் ஓரத்தை மடக்கிப் பார்த்தார். அப்பளம் போல ஒரு துண்டு உடைந்து கையோடு வந்தது.

"எங்கம்மா காயவெச்சீங்க இதை?"

"அடுப்புல பாய். எண்பது டிகிரிதான்."

"ஈரத்தோட வெச்சீங்களா?"

"ஆமா."

"தோல் நல்ல தோலும்மா. நீங்கதான் வேகவெச்சுட்டீங்க. காஞ்ச தோல் எண்பதைத் தாங்கும். ஈரத்தோல் கறி மாதிரி. சுருங்கி, வெந்து, வெறைச்சுப் போயிரும். பாக்கறதுக்கு நல்லா கெட்டியாத்தான் இருந்திருக்கும்."

"இருந்துச்சு."

அவர் உடைந்த துண்டை எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

அறைக்கு வந்து அதே தோலில் இரண்டு பட்டைகள் வெட்டினேன். இரண்டையும் நனைத்தேன். ஒன்றை மின்விசிறிக்கடியில் இரண்டு நாள் உலர்த்தினேன். மற்றதைக் கம்பெனி அடுப்பில், எண்பதில், நாற்பது நிமிடம். அடுப்பில் வெந்தது பதினேழாவது மடக்கில் முறிந்தது. மற்றதை இருநூறு தடவை மடக்கிவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கான காரணங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். சொன்னால் கால் திரும்பி வராது. அவர் பார்த்துச் செருகியிருக்கலாம். அப்பா வருத்தப்படுவார். நாலாவதாக ஒன்று எழுத உட்கார்ந்த அன்று, வெறும் டயர் பட்டையில் தொங்கிய கொடுவாள் இருபது வருடத்தில் அவரை ஒரு தடவைகூட வெட்டவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அப்பாவிடம் சொன்னேன். பட்டைகளை மேஜையில் வைத்துக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

"சரி, தெரிஞ்சுபோச்சு. அதை அவங்க ஊட்டுல போய்ச் சொல்லோணுமா?"

"சொல்லோணுங்கப்பா."

"நம்மளாலன்னு ஆயிரும் அம்மணி."

"நம்மளாலதானுங்கப்பா."

அவர் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். பாதம் தொங்காமல் இருக்க ஒரு பட்டை கட்டியிருந்தது. மனைவி கீழே உட்கார்ந்து தென்னங்கீற்றிலிருந்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்தார். உறையையும் இரண்டு பட்டைகளையும் அண்ணன் மடியில் வைத்தேன். எந்த வாரம், எந்த அடுப்பு, எத்தனை டிகிரி, ஏன் அவசரப்பட்டேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் நல்ல பட்டையை வளைத்துப் பார்த்தார். வெந்த பட்டையின் முறிந்த முனையைக் கட்டைவிரலால் தடவினார்.

"அப்ப குடி இல்லீங்களா?"

"இல்லீங்கண்ணா."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டயா?"

அந்த அக்கா கிழித்துக்கொண்டிருந்த ஈர்க்கை முடித்துக் கட்டோடு வைத்தார். "உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"ரெண்டு மாசமாச்சுங்கக்கா."

"இந்த ரெண்டு மாசத்துல நா இவரை என்னென்ன பேசியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது என்றேன்.

"ஒரு நாளும் இவரு எதுத்துப் பேசலீங்க. பேசாததாலயே குடிச்சிருக்காருன்னு நெனச்சுப்போட்டேன்." அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

அண்ணன் கேட்டார்: "அப்பாருகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். இங்க வந்து சொல்ல வேண்டாம்னாருங்க."

தலையை ஆட்டினார். சேரின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். "எங்க ஊட்டுக்குள்ள சொல்லி என்னங்க ஆகுது? டீக்கடையில வந்து சொல்லுங்க அம்மணி."

கடை முந்நூறு அடி தூரம்கூட இருக்காது. போய்ச் சேர நெடுநேரம் ஆனது. ஒவ்வொரு அடிக்கும் அவர் வலது முழங்காலை உயரத் தூக்கி வைத்தார். பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை. நோட்டைப் பிரித்து, உறையை பெஞ்சில் வைத்து, முதல் வரியிலிருந்து தொடங்கினேன். வெந்த பட்டை கைக்குக் கை மாறி டீ மாஸ்டர்வரை போய்த் திரும்பி வந்தது.

முடித்ததும் அதில் வயதானவர் ஒருவர் சொன்னார்: "அது சரீங்க அம்மணி. இருந்தாலும் அவன் குடிக்கறவந்தானுங்களே."

அண்ணன் கையில் இருந்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் குடிக்கலீங்க," என்றேன். நோட்டை மறுபடி முதல் வரிக்குத் திருப்பினேன்.