சாம்பார் ஓடிய மண்டபம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முழு மாட்டுக்கொட்டகையைச் சுண்ணாம்பில் மறைத்தவர் எனக்குத் தெரிந்து எங்கப்பா ஒருவர்தான்.

சென்னைக்கு மேற்கே நூம்பலில் எங்களுக்குப் பதினெட்டு மாடு. அப்பா சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு பாடி வரைக்கும் போய்ப் பால் ஊற்றுவார். கறப்பது நானும் அம்மாவும். பெருமைக்குச் சொல்லவில்லை, எந்த உதைக்கிற மாடும் என்னிடம் அடங்கி நிற்கும்.

அப்பாவுக்குப் புத்தி மாறியது திருவேற்காட்டில். கோயிலில் தாலி கட்டிவிட்டு, சாப்பிட இடமில்லாமல் புளியமரத்தடியில் பந்தி போட்டுக்கொண்டிருந்த ஒரு கல்யாணக் கூட்டத்தைப் பார்த்தாராம். வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னார்: "மாட்டுக்குத் தெனமும் தீனி போடணும். மனுசன் ஒரு வேளை துன்னுட்டு, துட்டையும் குட்த்துட்டுப் போயிக்கினே இருப்பான். இன்னா சொல்றே?"

அம்மா என்ன சொன்னாலும் ஒன்றுதான். இரண்டு மாதத்தில் பதினெட்டு மாடும் சந்தைக்குப் போயின. நான் காலிக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். சோறு இறங்கவில்லை. "மாட்டுக்காவ அழுவுறா பாரு, லூசு" என்றார் அப்பா.

கொட்டகைச் சுவருக்கு நீலச் சுண்ணாம்பு, வாசலுக்கு டியூப்லைட், நெற்றியில் 'திருமண மாளிகை' என்று ஒரு போர்டு. மாளிகையாம்! மாடு கட்டிய இரும்பு வளையங்களைப் பிடுங்காமல் வெள்ளி பெயிண்ட் அடித்து, "தோரணம் கட்ட வசதியாக் கீது" என்றார். புண்ணாக்கு மூட்டை அடுக்கிய அறை மணமகள் அறை ஆயிற்று. தரையை மட்டும் அவர் தொடவே இல்லை. கோமியமும் கழுவின தண்ணீரும் தானாகக் கடைசி ஓட்டைக்கு ஓடவேண்டும் என்று சாய்வாகப் போட்ட தரை அது. அதே சாய்வின் மேல் சிமெண்டைப் பூசிவிட்டார்.

"ஏங்க, தரை சாஞ்சிக் கீதே" என்றாள் அம்மா.

"கழுவி உட்டா தானா காஞ்சிப்புடும். உனுக்கு இன்னா தெரியும்?"

முதல் கல்யாணம் என்னுடையது. மாப்பிள்ளைக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. அவருடைய அம்மா வாயைத் திறந்தாலே தன் தகப்பனார் ரெவின்யூ ஆபீசில் இருந்த பெருமைதான் வரும். அப்பா அவர்களிடம் தன்னைக் கட்டட கான்ட்ராக்டர் என்று சொல்லி வைத்திருந்தார். வீட்டில் உத்தரவு போட்டார்: "தாலி ஏர்ற வரிக்கும் மாடுன்ற பேச்சே வரக்கூடாது. பால்காரன் பொண்ணுன்னு தெரிஞ்சா எந்திரிச்சிப் பூடுவாங்க. அப்புறம் உன்னிய எவன் கட்டுவான்?" நானும் பயந்துதான் போனேன். ஊர் கூடிய பிறகு நின்றுபோகிற கல்யாணம் யாரைக் கடிக்கும்? பெண்ணைத்தான்.

முகூர்த்தத்துக்கு முன்னால் டிபன். நான் மணமகள் அறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நிறைய மல்லிகை, மூக்கு நிறையப் புண்ணாக்கு வாசனை. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது, இட்லி விழுந்தது, சாம்பாரை ஊற்றினார்கள். இட்லி நின்றது. சாம்பார் கிளம்பிவிட்டது.

ஒருவர் இலையிலிருந்து அடுத்தவர் வேட்டிக்கு, அங்கிருந்து அதற்கடுத்தவர் பட்டுப்புடவைக்கு. "ஐயோ, ஐயோ" என்று பந்தியே எழுந்துகொண்டது. அப்பா ஓடிவந்து, "சட்னி மட்டும் போடுங்கடா!" என்று பரிமாறுகிறவர்களைப் பார்த்துக் கத்தினார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஃபிட்டர். சும்மா இருப்பாரா? வாசல் தாம்பாளத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேல்பக்கத்தில் வைத்தார். அது சாவகாசமாக உருண்டு பந்தி முழுவதையும் தாண்டி, கடைசி ஓட்டைக்குள் போய் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"என்னய்யா இடம் இது? முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" என்றார் பெரியப்பா.

"மனையடி சாஸ்திரங்க. தண்ணி அந்த மூலைக்குத்தான் ஓடணுமாம்" என்றார் அப்பா. சாஸ்திரம் என்ற வார்த்தை அவர் வாயில் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம். இது என்ன இடம்னு சொல்லு. அப்புறம் தாலியப் பத்திப் பேசுவோம்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது மாமியார் குரல் கேட்டது.

"சாஸ்திரம் தெரியாம பேசாதீங்க. நல்ல நேரம் போகுது, உக்காந்து சாப்பிடுங்க." சொல்லிவிட்டு மேல்பக்கத்தில் போய் உட்கார்ந்து, இலையின் கீழ் ஓரத்தில் பொங்கலை அணைபோல் வைத்து, அதற்குள் சாம்பாரை வாங்கிக்கொண்டார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். அப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே! அவரே அந்தச் சாஸ்திரத்தை நம்பிவிட்டார்.

தாலி ஏறியது. சற்று நேரத்தில் மாமியார் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"எத்தினி மாடு கட்டியிருந்தீங்க?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனாலும் அந்த மாடுகளை இன்னொரு தடவை விற்க மனசு வரவில்லை. "பதினெட்டு" என்றேன்.

"எங்கூட்ல ஆறு. திண்டிவனம் பக்கம். சாணி வழிக்கிற தரை எனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பாடா, ஒளிக்க ஒன்றுமில்லாத வீட்டுக்குப் போகிறேன் என்று சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கையை விடுவித்துக்கொண்டு புடவையைச் சரிசெய்தார். "என் புள்ளைக்கே இது தெரியாது. குவார்ட்டர்ஸ்ல யாருக்கும் தெரியக்கூடாது. ஆமா, உனக்குக் கறக்கத் தெரியுமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியாதுங்க அத்தே" என்றேன்.

"சமத்து" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.