907ஆம் வீட்டுப் பிள்ளைகள்

எங்கள் அகதி வழக்கின் விசாரணைக்கு இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த கலண்டரில் நாளுக்கொரு கோடு போடுவது என் வேலை. யாரும் தந்த வேலை அல்ல, நானாக எடுத்துக்கொண்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இன்று என் பிள்ளைகள் முகத்துக்கு நேரே என்னைக் கிழவர் என்று சொல்வதற்குக் காரணமான பதற்றமும் எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கமும் அந்த வயதிலேயே முழு வளர்ச்சி அடைந்திருந்தன.

ரொறன்ரோவின் வடமேற்கு மூலையில், ரெக்ஸ்டேலில், பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். மாடிக்குப் பதினாறு கதவுகள். எலிவேட்டர் இரண்டு, வேலை செய்வது ஒன்று. எங்கள் கதவு 908. நேர் எதிரே 907. அங்கே என் வகுப்பில் படித்த டானாவும் அவளுடைய நான்கு வயதுத் தம்பியும் இருந்தார்கள். தாய்க்கு ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. வீட்டில் ஓர் ஆளும் இருந்தான். அவன் பிள்ளைகளின் தகப்பன் அல்ல. தாயும் பிள்ளைகளும் இந்த நாட்டின் பூர்வகுடிகள், வடக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவர்கள். நாங்கள் கனடாவுக்கு வந்து பதினேழு மாதங்கள். அவர்கள் வந்து எத்தனை ஆயிரம் ஆண்டுகள் என்பது என் கணக்குக்கு எட்டவில்லை. கட்டடத்து மனேஜர் மட்டும் இரண்டு வீட்டாரையும் ஒரே மாதிரி, நேற்றுத்தான் வந்து இறங்கியவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் டானாவும் தம்பியும் பல நாட்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அம்மா அவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்பதற்கு ஆங்கிலமும் இல்லை. 907இலிருந்து அந்த ஆளின் சத்தம் வரும்போது பிள்ளைகளின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி சோறு போடுவார், அவ்வளவுதான்.

ஜனவரி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம் என்று பள்ளிக்கூடம் இல்லை. பகல் இரண்டு மணிக்கு எங்கள் கதவு தட்டப்பட்டது. டானா தம்பியின் தோளைப் பிடித்தபடி நின்றாள். இருவர் காலிலும் காலுறை மட்டும், சப்பாத்து இல்லை. பெடியன் இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். அவன் அழவில்லை. அழுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி அழாமல் நிற்கிற பிள்ளையை அன்றுதான் கண்டேன்.

"என்ன நடந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கதவுக்குள் கை அகப்பட்டது" என்றாள் டானா.

"தானாகவா?"

அவள் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அம்மா மஞ்சளும் உப்பும் குழைத்துச் சூடாக்கிப் பத்துப் போட்டு, பழைய சேலையைக் கிழித்துக் கையைக் கட்டினார். கட்டிக்கொண்டிருக்கும்போதே 907இன் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. அந்த ஆள் படிகளால் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. அடுத்த அரை மணி நேரத்துக்குள் அந்தக் கதவைத் தட்ட வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் கதவில் இருந்த சின்னக் கண்ணாடி ஓட்டையால் பார்த்தேன். ஒரு பொலிஸ்காரர், கோப்போடு ஒரு பெண். மாடியில் யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும்.

"பாத்ரூமுக்குள்ள கொண்டுபோ" என்றார் அம்மா. "தொட்டிக்குள்ள இருக்கச் சொல்லு. திரையை இழுத்துவிடு."

சீருடை வாசலுக்கு வந்தால் வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட வேண்டும். ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த சட்டம் அது ஒன்றுதான். அம்மாவின் கண்ணில் பொலிசும் சரி, பட்டாளமும் சரி, கோப்பு வைத்திருக்கிற பெண்ணும் சரி, எல்லாம் ஒன்றுதான்.

நான் சங்கிலியோடு கதவைத் திறந்தேன். 907 பிள்ளைகளைக் கண்டாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

"மூன்று. அம்மா, நான். அப்பா மிசிசாகாவில் வேலைக்குப் போயிருக்கிறார்."

கோப்புப் பெண் வாசலில் இருந்த சப்பாத்துகளைப் பார்த்தாள். எண்ணினாள் என்பது எனக்குத் தெரியும். எண்ணுகிற ஆளை எண்ணுகிற ஆள் கண்டுபிடித்துவிடுவான். எல்லாமே எங்கள் சப்பாத்துகள். ஒரு அட்டையை என் கையில் தந்து, திரும்பவும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்தினேன். "அம்மா, பொலிசுக்குப் பொய் சொல்லிப்போட்டம். கண்டுபிடிச்சாங்களெண்டால் எங்கட கேஸ் போயிடும். இன்னும் பத்தொன்பது நாள்தான் கிடக்கு."

"வாயை மூடு. பெடியனுக்குப் பாலைச் சூடாக்கு."

அவன் பாலைக் குடிக்கவில்லை. சேலைத் துண்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரல்களும் வீங்கி, நிறம் மாறிக்கொண்டிருந்தன. நெற்றி சுட்டது. அம்மா கட்டைத் தளர்த்தினார், பிறகு இறுக்கினார், பிறகு மீண்டும் தளர்த்தினார்.

மூன்றரை மணிக்கு எலிவேட்டரிலிருந்து இன்னொரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கனத்த ஜாக்கெட், பின்னிய தலைமுடி. கையில் கோப்பு இல்லை. 907ஐத் தட்டிவிட்டு எங்கள் கதவை இரண்டு தரம் மெதுவாகத் தட்டினாள்.

"டானாவின் அம்மா என்னை அனுப்பினார். நான் அவர்களுடைய ஆள். அவசரமில்லை, இருக்கிறேன்" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பனிச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் கதவைப் பார்த்தபடி நடைபாதையின் கம்பளத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள்.

அம்மா கண்ணாடியில் கண்ணை வைத்தார். "உவ என்ன, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருக்கிறா?"

"பொலிஸ்தான் அம்மா. நடிக்கிறா."

"எந்த ஊர்ப் பொலிசடா சப்பாத்துக் கழட்டுது?"

இருபத்தாறு நிமிடங்கள் போயின. அவள் அசையவில்லை. அம்மா இருபத்தாறு நிமிடங்களில் ஒன்பது தரம் கண்ணாடியால் பார்த்தார். கடைசியில் பிள்ளைகளை மறக்கவைத்து வேறொரு கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. "வாசலில ஒரு மனிசியைச் சும்மா இருத்தி வைக்கேலாது. தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் குடு. ஒண்டும் கதைக்காத."

தேநீரை வாங்கிக்கொண்டு அவள் நன்றி சொன்னாள். பிள்ளைகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன்னைப் பற்றித்தான் சொன்னாள். தன் சனங்கள் நகரத்தில் நடத்துகிற நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் அடி விழுந்தால், அலுவலகத்தார் விசாரிக்கும் நேரம் முழுவதும் அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் இருப்பதுதான் அவளுடைய வேலை. டானாவின் தாய் இப்போது பொலிஸ் நிலையத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளின் பெரியம்மா வடக்கிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்.

"அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர் வீடு ஒன்று இருக்கிறது என்று நான் இன்றைக்கே சொல்ல வேண்டும்" என்றாள். "இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளைக் காணவில்லை என்றால், தாய்தான் ஒளித்தாள் என்று எழுதுவார்கள்."

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மறுபடியும் கண்ணாடியால் பார்த்தார். "உவ ஏன் இந்த வேலைக்கு வந்தவவாம்? கேட்டுக்கொண்டு வா."

இரண்டாம் முறை போனேன். அவள் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி பதில் சொன்னாள். "எனக்கு ஆறு வயதில், எங்கள் சனத்தின் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகும் அரசாங்கக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்தார். கண்டுபிடித்துவிட்டார்கள். பின் ஆசனத்தில் என்னைத் தனியே ஏற்றினார்கள். அந்தக் காரில் என்னுடைய மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை."

அதையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா போய் அடுப்பை அணைத்தார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

"பிள்ளையளைத் தாயிட்டத் திருப்பிக் குடுப்பினமோ?" என்றார். "அதைக் கேள். வடிவாக் கேட்டுக்கொண்டு வா."

மூன்றாம் முறை. அப்படியே கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள்.

"எனக்குத் தெரியாது. அப்படி வாக்குத் தர என்னால் முடியாது. உன் அம்மாவிடம் இதை அப்படியே சொல். விசாரிக்கிற அறையில் நான் இருப்பேன். பெரியம்மா வரும்வரை அவர்களை விட்டுப் போகமாட்டேன். என்னிடம் இருப்பது அவ்வளவுதான்."

அவள் இருந்த இடத்திலிருந்து எங்கள் கதவுக்கு ஐந்து எட்டு நடக்க வேண்டும். அந்த ஐந்து எட்டுக்குள் நான் முடிவெடுத்தேன். பெடியனின் விரல்களை நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கொஞ்சம் நினைத்தேன்தான். ஆனால் பத்தொன்பது நாட்களைத்தான் அதிகம் நினைத்தேன். பொலிஸ் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைகள் எங்கள் குளியல் தொட்டியில் இருக்கக்கூடாது.

"ஓம் அம்மா. திருப்பிக் குடுப்பினமாம்" என்றேன். போதாது என்று பட்டதால், "சத்தியமாம்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அம்மா என்னைப் பார்த்தார். ஏழு வரை எண்ணினேன். பிறகு சங்கிலியைக் கழற்றிக் கதவை அகலத் திறந்தார்.

குளியலறை வாசலுக்குப் பக்கத்தில்தான், நடைபாதையில் பேசுவது அங்கே கேட்கும். எனக்குப் பின்னால் டானா தம்பியோடு நின்றாள். அவளுக்குத் தமிழில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரியும், எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு சேர்ந்து போனவை. அதில் 'ஓம்' முதலாவது.

"வெளியே இருக்கிறவர் ஓம் என்று சொல்லவில்லை" என்றாள் ஆங்கிலத்தில். "நீ பொய்யன்."

சொல்லிவிட்டுக் காலுறையோடு நடந்து அந்தப் பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் எழும்பவில்லை. பிள்ளைகளின் உயரத்திலேயே இருந்துகொண்டு தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். பெடியன் அவளில் சாய்ந்தான். அப்போதுதான் அழத் தொடங்கினான்.

அவள் விரல்களைப் பார்த்தாள். முகம் மாறியது. ஆனாலும் அம்மாவை நிமிர்ந்து பார்த்து, கவனமாகக் கட்டியிருக்கிறீர்கள் என்றாள். டானாவிடம், "எனக்கு நீ ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அங்கே சொல்ல விரும்பினால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்" என்றாள். பிறகு கோப்புப் பெண் தந்த அட்டையை என்னிடம் வாங்கி, எங்கள் போனில் அவளே அந்த இலக்கத்தை அழைத்தாள். "அவர்கள் வந்து கண்டுபிடிக்க வேண்டாம். நாங்களே கூப்பிட்டோம் என்று இருக்கட்டும். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், அங்கே வரச் சொல்லிவிட்டேன்."

அம்மா தன் குளிர் கோட்டைப் பெடியனுக்குச் சுற்றி, அவனைத் தூக்கிக்கொண்டார்.

"நீங்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போறீங்கள்? பொலிஸ் வரும். கேஸ் என்னாகும்?"

"கேஸ் கிடக்குது. நீ சோத்தைப் போட்டுச் சாப்பிடு."

கையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. பெரியம்மா ஏழு மணிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கிழமைக்குள் பிள்ளைகள் அவரோடு வடக்கே போய்விட்டார்கள். தாயிடம் எப்போது சேர்ந்தார்கள், சேர்ந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வழக்கில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். 907 பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என் பொய்தான் அந்தக் கதவைத் திறந்தது என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன், பாதி வெட்கமாகவும் பாதி பெருமையாகவும்.

நாங்கள் அஜின்கோர்ட்டுக்கு வீடு மாறி, எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு நாள், அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருக்கும்போது அதை ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்" என்றார் அவர், கத்தியை நிறுத்தாமல். "கதவுக் கண்ணாடியால பாத்துக்கொண்டுதானே நிண்டனான். அவ கையை விரிச்சவ."

"பிறகேன் திறந்தனீங்கள்?"

"அதுக்குத்தானடா திறந்தனான்."

எனக்கு விளங்கவில்லை. அம்மா வெட்டியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"ஊரில பட்டாளம் என்ர தம்பியை, உன்ர சின்னமாமாவைக் கொண்டுபோகேக்க, பின்னேரத்துக்குள்ள விடுறம் அம்மா எண்டு சத்தியம் பண்ணித்தான் கொண்டுபோனவங்கள். நான்தான் கதவைத் திறந்துவிட்டனான். அவன் இண்டைக்கும் வரேல்லை. அந்த மனிசி தெரியாதெண்டு கையை விரிச்சவ. வாசலுக்கு வந்து அப்பிடிச் சொன்ன ஆள் அவ ஒருத்திதான். நீ வந்து சத்தியமாம் எண்டு சொல்ல, எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சுது. அவ கை விரிச்சதை நான் பாத்திராட்டில், அந்தப் பிள்ளையளை விட்டிருக்கமாட்டன்."